ஓரத்தில் எண் இல்லாத வரி

பிஎச்.டி.க்கான வாய்மொழித் தேர்வு, வைவா, முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னமும் காலையில் கண் விழித்ததும் ஒரு நொடி கை தீசிஸைத் தேடுகிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது, முடிந்துவிட்டது, அந்த வரி நின்றுவிட்டது என்று. அது ஞாபகம் வந்தபின் எழுந்திருக்க மனசே இருக்காது. இன்னும் பத்து நிமிஷம் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அம்மாவும் எழுப்புவதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மா கிட்வாய் நகரில் நாலு வீடுகளில் சமையல். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வந்தவர்கள். புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் என்னைச் சேர்க்கப் போன அன்று, படிவத்தில் கைநாட்டு வைக்க மை டப்பா இல்லாமல் ஆபீஸ்காரர் அரைமணி நேரம் தேடினார் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

படிப்பு எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. கஷ்டமாக இருந்தது, யாரும் சொல்லித்தராத விஷயங்கள். காலேஜில் முதல் லேப் வகுப்புக்கு எல்லோரும் ஒரு பக்கம் கோடு போட்டு, மறுபக்கம் வெறுமையாக இருக்கும் நோட்டுடன் வந்திருந்தார்கள். நான் மட்டும் சாதா நோட்டு. அப்படி ஒரு நோட்டு வாங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். "இதெல்லாம் சொல்லணுமா என்ன, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான். கெட்டவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அந்த எல்லாரில் நான் இல்லை, அவ்வளவுதான்.

பாடத்திலும் இதே கதை. விசை என்றால் என்ன? நிறையை முடுக்குவது. நிறை என்றால் என்ன? விசைக்கு ஈடு கொடுப்பது. அப்படியானால் இரண்டில் எது முதலில் என்று ஒருமுறை எழுந்து கேட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "இதெல்லாம் ஸ்கூல்லயே முடிஞ்சது, உட்காரு" என்றார் ஆசிரியர். முடியவில்லை. எனக்கு முடியவில்லை.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் லைப்ரரியில் ஒரு கட்டுரை கைக்கு வந்தது. இயக்கவியலை எடுகோள்களிலிருந்து கட்டுவது பற்றியது. முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல். இன்னின்ன சொற்களுக்கு விளக்கம் கேட்கக்கூடாது, இன்னின்ன வாக்கியங்களை நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும், இவ்வளவுதான் நாங்கள் எடுத்துக்கொள்வது, இதற்கு மேல் ஒன்றையும் உன்னிடமிருந்து எதிர்பார்க்க மாட்டோம் என்று. நிறை என்பது விளக்கம் இல்லாத சொற்களில் ஒன்று. தெரியாது என்பதைத் தெரியாது என்றே எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் படித்தேன். இந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

அதனால்தான் ஆராய்ச்சிக்கும் அதையே எடுத்தேன். இயக்கவியலில் ஆரம்பித்து வெப்ப இயக்கவியலில் போய் நின்றேன். அதில் வெப்பம் என்ற சொல்லையே தொடாமல் ஆரம்பிக்கலாம். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போக முடியுமா, முடியாதா? வெளியே ஓர் எடைக்கல் ஏறியதையோ இறங்கியதையோ தவிர வேறு எந்த மாற்றமும் மிஞ்சக்கூடாது. கேள்வி இது ஒன்றுதான். சூடான டீயில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெதுவெதுப்பாக ஒன்று கிடைக்கும். அந்த வெதுவெதுப்பிலிருந்து சூட்டையும் குளிர்ச்சியையும் திரும்பப் பிரிக்க வழியில்லை. ஆகவே அது முன்னால், இது பின்னால். இப்படி எல்லா நிலைகளையும் ஒரு வரிசையில் நிறுத்திவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்துவிடலாம். அந்த எண்தான் என்ட்ரபி. புத்தகங்களில் பெரிய பூதம் மாதிரி வரும் சொல், இங்கே டோக்கன் நம்பர் மாதிரி சாதாரணமாக வந்து நிற்கும்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நிரூபணத்தில் ஒவ்வொரு வரிக்கும் நேராக, ஓரத்தில், அந்த வரி எதன் பலத்தில் நிற்கிறது என்று சிவப்பு மையில் எண் போடுவேன். இரண்டாம் எடுகோள் என்றால் 2. முன்பே நிரூபித்த தேற்றம் என்றால் அதன் எண். தீசிஸை அச்சடித்துக் கொடுத்தபின்னும் என் சொந்தப் பிரதியில் அட்டையிலிருந்து அட்டைவரை இப்படி எண் போட்டிருந்தேன். எங்காவது சொல் எழுத வேண்டி வந்தால் தமிழில் எழுதுவேன். சின்ன வகுப்பில் தமிழில் எழுதிப் பழகிய கை, அவசரத்தில் அப்படித்தான் ஓடும்.

வைவா ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம், டிபார்ட்மென்ட் புல்வெளியில், பிப்ரவரி வெயிலில், எனக்கு ஒத்திகை வைவா நடந்தது. எங்கள் ஆராய்ச்சிக் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். பரிட்சைக்குப் போகிறவனை முன்கூட்டியே ஒரு ஜூனியர் உட்காரவைத்துக் குடைவார். எனக்கு வாய்த்தவள் டெல்லித் துவாரகாக்காரி. அப்பா ஏர்போர்ட்டில் வேலை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள். இவள் டெல்லியில் பிறந்தவள். பேசுவாள், படிக்க வராது. மடியில் என் பிரதி, பக்கத்தில் வேர்க்கடலைப் பொட்டலம். பரிட்சையாளர் என்று காட்டக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டிருந்தாள்.

"டாக்டர் சாப், நாற்பத்தொண்ணாம் பக்கம்" என்றாள்.

"என்ன அதுல?"

"எல்லா வரிக்கும் ஓரத்துல நம்பர் போட்டிருக்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏதோ எழுதிருக்க. தமிழா இது? என்னது?"

எட்டிப் பார்த்தேன். "தெளிவு."

"அப்படின்னா?"

"அதாவது பார்த்தாலே புரியும்னு. ஆப்வியஸ்."

"அச்சா." ஒரு கடலையை உடைத்துத் தோலை ஊதினாள். "எதனால?"

பிரதியை என் பக்கம் திருப்பி அந்த வரியை மறுபடி படித்தேன். தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து அவள் இன்னொரு கடலையை உடைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தாள்.

அந்த வரி சொன்னது இது. இரண்டு பாத்திரங்கள், இரண்டிலும் வேறு வேறு பொருள்கள். இரண்டையும் சேர்த்து ஒரு ஜோடி. இந்த ஜோடி நிலையிலிருந்து அந்த ஜோடி நிலைக்குப் போக முடியாது என்றால், அங்கிருந்து இங்கே வர முடியும். ஒற்றைப் பாத்திரத்துக்கு இதை இதே மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே முறையாக நிரூபித்திருந்தேன். ஜோடிக்கு நிரூபிக்கவில்லை. எடுகோளாகவும் சொல்லவில்லை. நிரூபித்த மாதிரியே நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குப் பின்னால் வரும் நூறு பக்கத்தில் பெரும்பாலானவை அந்த வரிமேல் நிற்கின்றன.

அன்றைக்கு இருவரும் மெட்ரோவுக்கு நடந்தோம். செக்யூரிட்டியில் ஆண்கள் வரிசையில் நான், பெண்கள் வரிசையில் அவள். அவள் வரிசை சின்னது. சீக்கிரம் முடித்துவிட்டு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

"இப்ப சொல்லு, எனக்கு முன்னாடி நின்னது நீயா, உனக்கு முன்னாடி நின்னது நானா?"

"வேற வேற லைன். எப்படிச் சொல்றது?"

"அதான் உன் நாற்பத்தொண்ணாம் பக்கம். ரெண்டு லைனும் தனித்தனியா சரியா இருக்கு. குறுக்கால யார் முன்னாடின்னு எந்த ரூலும் இல்ல."

என்னைத் தடவிப் பார்த்த காவலர் "ஜல்தி பையா, ஜல்தி" என்று இந்தியில் அவசரப்படுத்தித் தள்ளிவிட்டார். என் பை மெஷினிலிருந்து வெளியே வந்து கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். ஆளுக்குத்தான் இரண்டு வரிசை. பைகளுக்கு மெஷின் ஒன்றே. அவள் பைக்குப் பின்னால் என் பை வந்திருந்தது.

"பை ஒரே பெல்ட்ல போகுது" என்றேன்.

"போகட்டும்."

"இல்ல, அஞ்சாவது அத்தியாயம். ரெண்டு பாத்திரத்தையும் ஒட்டவைக்கிற எடுகோள் இருக்கு அதுல. வெப்பம் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போற மாதிரி. அதை வச்சு ஜோடிக்கும் வரிசை கிடைக்கும். அங்க நிரூபிச்சிருக்கேன்."

அவள் முகம் தெளிந்தது, உடனே சுருங்கியது. "அஞ்சாவது அத்தியாயத்துல மூணாவதோட தேற்றத்தை யூஸ் பண்ணியிருக்கியா?"

அதுதான் கேள்வி. மூன்றாவது ஐந்தாவதின் தோளில் ஏறலாம். ஐந்தாவது ஏற்கெனவே மூன்றாவதின் தோளில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் அந்தரத்தில்தான் இருக்கின்றன. வட்ட நிரூபணம். தீசிஸ் விழுந்துவிடும்.

வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. அவள் ராஜீவ் சௌக் ஸ்டேஷனில் வண்டி மாறிப் போனபின் நான் ஒரு காரியம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பரிட்சையாளர்களும் தீசிஸைப் படித்து நல்ல அறிக்கை அனுப்பிவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? என் பதிவுக் காலத்துக்குக் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பு அடுத்த மாதம் முடிகிறது. தீசிஸ் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க நாள் இருக்காது. ஐந்து வருஷமும் போச்சு. அம்மா நாலு வீட்டிலும் மகன் வியாழக்கிழமை டாக்டர் ஆகிறான் என்று சொல்லி லீவும் கேட்டுவிட்டாள்.

இந்தக் கணக்கைவிட அதிகமாக என்னை அரித்தது அந்தச் சொல்தான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்று எவன் சொன்னாலும் பொறுக்காதவன் நான். அப்படிச் சொல்ல இடமே இல்லாத ஒரு வேலையைத் தேடிப் பிடித்தவன். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, நாற்பத்தொன்றாம் பக்கத்தில், என் கையாலேயே, தெளிவு என்று எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை கைடு மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். வங்காளி. கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை. பக்கத்தைப் பார்த்தார். ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டியபடி இந்தியில் கேட்டார்.

"வட்டமா?"

"தெரியல மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டு வா. திங்கட்கிழமை பதினோரு மணி. வட்டம்னா தேதியைத் தள்ளி வைக்க நானே லெட்டர் எழுதறேன், அப்புறம் ஆகறதைப் பார்ப்போம். இல்லேன்னா ஒரு பக்கத்துல திருத்தம் எழுதி எடுத்துட்டு வா. வைவால வாயைத் திறந்ததும் அதைத்தான் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நானும் நாலு தடவை படிச்சேன் பேட்டா. தூங்கிட்டேன் போல" என்றார்.

வேலை சுலபமானது, பயங்கரமானதும்கூட. ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த நிரூபணம் பதினோரு பக்கம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். அது எந்தத் தேற்றம், அந்தத் தேற்றம் எதன்மேல் நிற்கிறது, அது எதன்மேல், கடைசியில் எடுகோளில் போய் முட்டும்வரை. வழியில் எங்கேயும் நாற்பத்தொன்றாம் பக்கத்து வரி வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே தாள்களை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

"ன்னாடா தொலச்சிட்ட?" என்றாள்.

"ஒண்ணும் தொலைக்கலம்மா. தொலஞ்சிருக்கான்னு பார்க்கிறேன்."

"நல்லா இருக்குது. தொலயறதுக்கு முன்னாடியே தேடற ஆள இப்பத்தான் பாக்கறன்."

ஒன்பது பக்கம் சுத்தமாக வந்தது. பத்தாம் பக்கத்தில், மேலிருந்து மூன்றாம் வரியில், சிவப்பு மையில் 3.9 என்றிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் ஒன்பதாம் தேற்றம். நாற்பத்தொன்றாம் பக்கத்து வரி இருப்பதே அந்தத் தேற்றத்தின் நிரூபணத்தில்தான்.

பேனாவை மூடினேன். எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினேன். திரும்பி வந்தால் எண் மாறியிருக்கும் என்பதுபோல மெதுவாக வந்தேன். மாறவில்லை. அம்மா சோறு போட்டு வைத்தாள். சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மேடத்துக்கு என்ன சொல்வது என்று வாக்கியம் யோசித்துக்கொண்டு, அதற்காகவே அந்தத் தேற்றத்தின் வாசகத்தை எடுத்துப் படித்தேன். நானே எழுதியது, நூறு தடவை பார்த்தது. அதனாலேயே படிக்காமல் விட்டிருக்கிறேன். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதி ஒற்றைப் பாத்திரத்துக்கு. இரண்டாம் பகுதி ஜோடிக்கு. கெட்டுப்போன வரி இரண்டாம் பகுதியில் இருக்கிறது. பத்தாம் பக்கத்துக்கு எது வேண்டும் என்று பார்த்தேன். அங்கே பேச்சு முழுக்க ஒரே பாத்திரத்தைப் பற்றியது. முதல் பகுதி மட்டும் போதும். சோம்பலில் முழுத் தேற்றத்தின் எண்ணையும் போட்டுவிட்டிருக்கிறேன். முதல் பகுதியின் நிரூபணத்தை எடுத்து வரிவரியாக இறங்கினேன். 2, 4, 1, 6, 2. எல்லாம் எடுகோள்கள். வேறு ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த ஒரு பக்கத்தையும் பார்த்தேன். அதுவும் சுத்தம்.

வட்டம் இல்லை.

அப்படியே தாள்கள்மேல் மல்லாந்து படுத்துவிட்டேன். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"கெடச்சிதா?"

"கெடச்சிதும்மா."

"எங்க இருந்தது?"

"வச்ச எடத்துலயேதான்."

"உங்கப்பனாட்டமே" என்றாள். "பாக்கெட்ல சாவிய வச்சிகினு ஊட்டயே தலகீழாக் கவுக்கறது."

வியாழக்கிழமை அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் துறையில் வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மூன்றாம் வரிசையில் துவாரகாக்காரி அம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். வெளியூர்ப் பரிட்சையாளர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். முதல் படத்தைத் திரையில் போடுவதற்கு முன்னாலேயே, மேடம் திங்கட்கிழமை பார்த்துச் சரி சொன்ன திருத்தத் தாளைப் பரிட்சையாளர்கள் இருவருக்கும் கொடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரியை நிரூபிக்காமல் பயன்படுத்திவிட்டேன், நிரூபணம் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது, அது மூன்றாவதை எங்கே எப்படித் தொடுகிறது என்பதை இதில் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். ஆங்கிலம் தடுமாறியது.

பெரியவர் தாளைப் படித்தார். பின் தன் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அதைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்.

"இங்கே நான் பென்சிலில் டிக் போட்டிருக்கிறேன், பாருங்கள். எனக்கும் தெளிவாகத்தான் பட்டிருக்கிறது." பிறகு என்னைப் பார்த்தார். "யார் பிடித்தது இதை?"

மூன்றாம் வரிசையைக் காட்டினேன். துவாரகாக்காரி எழுந்து நின்றாள்.

"எப்படிப் பிடித்தீர்கள்?"

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சார். அதனால கேட்டேன்."

பெரியவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மேடம் குனிந்து ஓரக்குறிப்புக் கதையைச் சொன்னார். அவர் சிரிக்க ஆரம்பித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். கடினமான கேள்விகள்தான். இரண்டுக்குத் தெரியாது என்றே சொன்னேன். சொல்ல முடிந்தது.

கடைசியில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியவரு சிரிச்சாரே, நல்லதுக்கா கெட்டதுக்கா?"

"நல்லதுக்குன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறன்னா? தெரியாதா?"

"இப்போதைக்குத் தெரியாது ஆன்ட்டி, ஓரத்துல நம்பர் போடல" என்றாள் துவாரகாக்காரி.

கதவு திறந்து மேடம் வெளியே வந்தார். கையை நீட்டி, என் பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்த்துக் கூப்பிட்டார். 3.9-ஐ இரண்டு தேற்றங்களாகப் பிரித்து, ஜோடிக்கானதை ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன்.

பைண்டிங்கில் இருந்து வந்த பிரதிகளில் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதற்கும் ஓரத்தில் எண் போட்டு முடித்தேன். போன வாரம் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு சிவப்பு எண்ணின்மேல் விரலை வைத்தாள். எண்கள் அவளுக்குத் தெரியும், பஸ் நம்பரில் கற்றுக்கொண்டது.

"இது ன்னா நம்பரு?"

"இந்த வரியை எது தாங்குதுன்னு சொல்ற நம்பர்மா."

"எல்லா வரிக்கும் இருக்குதா?"

"இருக்கும்மா."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பார்த்தேன்."

"அப்ப செரி" என்று மூடி, டிவிக்கு மேலே வைத்துவிட்டு, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் உள்ளே போனாள்.